ஊருக்கு வெளியே என்று சொன்னவர்கள் நாம்

வீடில்லாதவருக்கு வீடு கட்டித் தர வேண்டும் என்பதில் மேச்சேரியில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருந்ததில்லை. எங்கே கட்டுவது என்று கேட்டால்தான் நம் குரல் மாறும். ஏரியைத் தாண்டி, கரட்டடியில், சுடுகாட்டுக்கு அந்தப்புறம், பஸ் போகாத பாறைக்காட்டில் என்று நாம் கைகாட்டிய இடமெல்லாம் ஊரை விட்டுத் தள்ளியே இருந்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் காட்டி வருகிறோம். அரசாங்கம் ஏழைகளை ஒதுக்கிவிட்டது என்று பேசுவது நமக்குச் சுலபம். அரசாங்கம் நிலம் தேடியபோது ஊருக்குள் இடமில்லை என்று சொன்ன வாய் யாருடையது? ‘நாம்’ என்று இங்கே நான் எழுதுவது பட்டா உள்ள மனையில், தெருவிளக்கு எரிகிற தெருவில், சொந்த வீட்டில் குடியிருக்கும் நம்மை. நானும் அதில் ஒருவன்.

தொகுப்பு வீடு என்றால் நம் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 1985-ல் இந்திரா குடியிருப்புத் திட்டம் வந்த பிறகு ஊர்தோறும் வரிசையாக எழுந்தவை. ஓர் அறை, சமைக்க ஒரு மூலை, மேலே கான்கிரீட் தளம். பழைய தொகுப்பு வீடு ஒன்றுக்குள் போய் அண்ணாந்து பாருங்கள். பூச்சு பெயர்ந்து துருப்பிடித்த கம்பி வரிவரியாகத் தெரியும். மழைக்காலத்தில் தளத்தின் மேல் தார்ப்பாய் விரித்து, காற்றுக்குப் பறக்காமலிருக்க நாலு மூலையிலும் கல் ஏற்றி வைத்திருப்பார்கள். கம்பி தெரிகிற இடத்துக்கு நேர் கீழே யாரும் பாய் போடுவதில்லை. அங்கே அண்டாவோ, துணி மூட்டையோ இருக்கும். பிள்ளைகள் வளர்ந்து கல்யாணமாகி, அதே அறைக்கு முன்னால் சிமென்ட் சீட்டில் ஒரு சாய்ப்பு இறக்கி இரண்டாவது குடும்பம் நடக்கும். கட்டிக் கொடுத்தாகிவிட்டது, இனி அவர்கள் பாடு என்று விட்டுவிட்டோம். அந்த வீடுகள் நம் தெருவில் இருந்திருந்தால், தளம் பெயர்ந்த முதல் மழைக்கே நாலு பேர் பார்த்திருப்போம், கவுன்சிலரிடம் சொல்லியிருப்போம். கண்ணில் படாத இடத்தில் இருந்ததால் கவனத்திலும் படவில்லை.

ஆதிதிராவிடர் நலத்துக்கு நிலம் எடுக்கத் தமிழ்நாட்டில் 1978-லேயே தனிச் சட்டம் வந்தது. ஒரு சாண் இடம் சொந்தமில்லாத லட்சக்கணக்கானோருக்குக் காலூன்ற மனை கிடைக்க வழி செய்த சட்டம் அது. அதன் பெருமையைக் குறைக்க மாட்டேன். ஆனால் எடுத்த நிலம் பெரும்பாலும் பழைய சேரியை ஒட்டியே அமைந்தது. ஊருக்கும் சேரிக்கும் நடுவே இருந்த இடைவெளி அப்படியே நின்றது. நடுத்தெருவில் காலியாகக் கிடந்த மனையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ‘காலனி’ என்ற சொல்லை அரசுப் பதிவுகளிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல முடிவு. அந்தக் குடியிருப்பிலிருந்து பள்ளிக்கூடமும் கடைவீதியும் பஸ் நிறுத்தமும் இருக்கும் தொலைவைக் குறைக்கும் வேலை இன்னும் மிச்சமிருக்கிறது. அது அரசாணையால் மட்டும் ஆகிற காரியமல்ல.

இன்றைய திட்டங்களுக்கு வருவோம். மேச்சேரி பேரூராட்சி என்பதால் இங்குள்ளவர்களுக்கு 2015-ல் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டுத் திட்டம். மத்திய அரசின் பங்கு ஒன்றரை லட்சம், மாநிலத்தின் பங்கு 60,000, ஆக 2.10 லட்சம் ரூபாய் என்ற கணக்கில் தானே கட்டிக்கொள்பவருக்கு மானியம் வந்தது. சுற்றியுள்ள கிராம ஊராட்சிகளுக்கு 2024 முதல் கலைஞரின் கனவு இல்லம்: 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய். இரண்டிலும் முதல் நிபந்தனை, மனை உன்னுடையதாக இருக்க வேண்டும் என்பது. பட்டா இருப்பவருக்கு வீடு. பட்டாவே இல்லாதவருக்கு இந்த வாசல் திறக்காது. மனை இருப்பவரின் பாடும் லேசில்லை. அடித்தளம் எழும்பிய பிறகு ஒரு தவணை, லிண்டல் மட்டத்தில் ஒன்று, தளம் போட்ட பிறகு ஒன்று என்று கட்டக் கட்டத்தான் பணம் வரும். முதலில் கையிலிருந்து போட்டாக வேண்டும். கையில் இல்லாதவர் வட்டிக்கு வாங்குவார். சிமென்ட்டும் கம்பியும் விலை ஏறிய மாதத்தில் வேலை நிற்கும். லிண்டலோடு நின்றுபோய், ஜன்னல் ஓட்டையில் புல் முளைத்த சுவர்களை ஊரைச் சுற்றி எத்தனையோ இடத்தில் பார்த்துக்கொண்டே கடந்து போகிறோம்.

மனை இல்லாதவர் எங்கே போவார்? ஏரிக்கரைக்கு, ஓடைப் புறம்போக்குக்கு, ரோட்டோரத்துக்கு. நீர்நிலைப் புறம்போக்கில் எத்தனை ஆண்டு குடியிருந்தாலும் பட்டா கிடையாது. ஏரிகளைக் காக்க 2007-ல் வந்த சட்டம் ஆக்கிரமிப்பை அகற்றவே சொல்கிறது. ஏரி காக்கப்பட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அகற்றப்படுகிறவருக்கு மாற்று இடம் எங்கே என்ற கேள்வி வரும்போது, மறுபடியும் நம் கை அதே கரட்டடியைத்தான் காட்டுகிறது.

இடம்பெயர்வு என்றால் என்ன என்று இந்த வட்டாரத்துக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1934-ல் மேட்டூர் அணை திறந்தபோது காவிரிக்கரை ஊர்கள் தண்ணீருக்குள் போயின. நீர்மட்டம் இறங்கும் கோடையில் பண்ணவாடியில் நந்தி சிலையும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும். குடும்பத்தோடு போய்ப் பார்க்கிறோம். அங்கே வாழ்ந்தவர்கள் எங்கே போனார்களோ என்று ஒரு நிமிடம் நெஞ்சு கனக்கும். வீடு திரும்பும் வழியில் ஓடையோரக் குடிசையைப் பார்க்கும்போது அந்தக் கனம் நமக்கு வருவதில்லை. ஊர் இழந்தவர்களின் வட்டாரத்தில் பிறந்துவிட்டு இப்படி இருக்கிறோமே என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

தள்ளிக் கட்டினால் மட்டும் போதாது, அடுக்கிக் கட்ட வேண்டும் என்பது புதிய ஆசை. மேச்சேரி வட்டாரத்தின் ஏழை எதைக் கொண்டு பிழைக்கிறார் என்று தெரிந்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். கைத்தறி போடுபவருக்கு வீடுதான் பட்டறை. குழித்தறி என்றால் தரையில் குழி தோண்டி, அதற்குள் காலை இறக்கி மிதி மிதித்து நெய்ய வேண்டும். இரண்டாவது மாடியில் எங்கே குழி தோண்டுவது? தறி போட்டு, பாவு கட்டி, ஓரத்தில் ராட்டை வைத்தால் 300 சதுர அடியில் படுக்க எவ்வளவு மிஞ்சும்? இன்னொரு குடும்பத்துக்கு இரண்டு மூன்று ஆடுதான் சேமிப்பு. மேச்சேரி ஆடு என்று நாடெங்கும் பெயர் வாங்கிய இனம் இது. அதைப் பேண பொட்டனேரியில் ஆராய்ச்சி நிலையம் நடக்கிறது. அந்த ஆட்டை வளர்த்து வாரச்சந்தைக்கு ஓட்டி வருகிறவரை நாலாவது மாடியில் ஏற்றிவிட்டால் ஆட்டை விற்றுவிட்டுத்தான் ஏற முடியும். சந்தை, தறிக்காரர் கடை, ரேஷன் கடை, பள்ளிக்கூடம் இவற்றிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்தால்தான் கூலிக்குடும்பம் தாக்குப்பிடிக்கும். பெண்களுக்கு 2021 முதல் நகரப் பேருந்தில் கட்டணமில்லை. ஆனால் பஸ்ஸே வராத இடத்தில் குடிவைத்துவிட்டால் அந்தச் சலுகையால் யாருக்கு என்ன பயன்?

வாடகை வீட்டு விஷயத்தில் நம் குற்றம் இன்னும் நேரடியானது. இதில் அரசாங்கத்தைக் காட்டித் தப்பிக்கக்கூட முடியாது. டூலெட் பலகையைப் பார்த்துக் கதவைத் தட்டுகிறவரிடம் நாம் முதலில் கேட்பது வாடகையைப் பற்றியல்ல.

“நீங்க எந்தப் பக்கமுங்க?”

“ஜலகண்டபுரம் பக்கமுங்க.”

“அது தெரியுது. அங்க எந்தத் தெருவுங்க? சொந்தக்காரங்க இங்க யாரு இருக்காங்க?”

தெருப்பெயர் சொன்னதும் முகம் மாறும். “சொந்தக்காரப் பையன் ஒருத்தன் கேட்டுக்கிட்டு இருந்தானுங்க, அவனுக்கே குடுத்தாச்சு” என்போம். பலகை மறுநாளும் தொங்கும். கணவனை இழந்த பெண் வந்தால் “ஆம்பளத் தொண யாரும் இல்லீங்களா?” திருநங்கை வந்தால் கதவையே திறப்பதில்லை. கண் தெரியாதவர் வந்தால், விழுந்து கிழுந்து வைத்தால் நமக்கெதற்கு வம்பு என்று பயம். பொட்டனேரி இரும்பாலையிலும் மேட்டூர் ஆலைகளிலும் ஒப்பந்த வேலைக்கு வடக்கிலிருந்து வரும் இளைஞர்களுக்கு மட்டும் லைன் வீடு தருவோம். தலைக்கு இவ்வளவு என்று, சீட்டு போட்ட அறையில் பத்துப் பேரைச் சேர்த்து, ஒரே கழிப்பறையோடு. மற்றவர்களையெல்லாம் ஊருக்குள் சேர்க்க மறுத்தது எந்தச் சட்டமும் அல்ல. நம் கதவுகள்தான் மறுத்தன.

இந்த வழி போய் முடியும் இடத்தைச் சென்னையில் பார்க்கலாம். 1970-ல் குடிசை மாற்று வாரியம் அமைந்தபோது, குடிசை இருந்த இடத்திலேயே மாடிக் குடியிருப்பு என்பதுதான் கொள்கையாக இருந்தது. கடற்கரைக் குப்பங்களில் அப்படிக் கட்டினார்கள். மீனவர் மீனவராகவே இருக்க முடிந்தது. பிறகு நகரத்து நிலத்தின் விலை ஏறியது. 2000 முதல் கண்ணகி நகர், அடுத்துச் செம்மஞ்சேரி, அதற்கடுத்துப் பெரும்பாக்கம் என்று வெளியே வெளியே போனார்கள். கண்ணகி நகரில் மட்டும் 15,000-க்கு மேற்பட்ட வீடுகள். பெரும்பாக்கத்தில் அதைவிட அதிகம். கூவம் கரையில் இருந்தவர் அதிகாலையில் பஸ் பிடித்துப் பழைய வேலைக்குப் போய் வருவதற்குள் கூலியில் ஒரு பங்கு கரைந்தது. வீட்டு வேலைக்குப் போன பெண்கள் பலர் வேலையை விட்டார்கள். பிள்ளைகளின் படிப்பு நடுவில் நின்றது. வேலைக்கு மனுப் போடும் இளைஞர் முகவரியில் ஊர்ப் பெயரை மறைக்க வேண்டிய நிலை வந்தது. அங்கே வாழ்கிறவர்கள் எவ்வளவோ போராடிப் பள்ளியும் மருத்துவமனையும் விளையாட்டுத் திடலும் கேட்டு வாங்கினார்கள். ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பங்களை மட்டும் ஒரே இடத்தில் குவித்த முடிவு தவறு என்பது அதனால் மாறிவிடாது. வாரியத்தின் பெயர் 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. செய்தித்தாளில் இதையெல்லாம் படித்து உச்சுக்கொட்டினோம். சென்னைக்கு 25 கிலோமீட்டர் எப்படியோ, மேச்சேரிக்கு மூன்று கிலோமீட்டர் அப்படித்தான் என்று நமக்கு உறைக்கவில்லை.

கலந்து வாழ வைக்கும் முயற்சி தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1997-ல் கலைஞர் அரசு அறிவித்த பெரியார் நினைவு சமத்துவபுரம் அதற்குச் சாட்சி. நூறு வீட்டில் 40 ஆதிதிராவிடருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவருக்கு. யார் வீட்டுக்குப் பக்கத்தில் யார் என்பதைச் சாதி முடிவு செய்யாது. பொதுச் சமுதாயக் கூடம், பொதுச் சுடுகாடு. 1998-ல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதலாவது திறந்தது. பிறகு இருநூறுக்கு மேல் எழுந்தன. ஒரு மாநில அரசு இப்படி நினைத்ததே பெரிய காரியம் என்று நான் நம்புகிறேன். அதில் நாம் செய்த பிழை வேறு. சமத்துவத்துக்கும் ஊருக்கு வெளியே ஒரு புறம்போக்கைக் கொடுத்துவிட்டு, ஊருக்குள் நம் தெருக்களைப் பழையபடியே வைத்துக்கொண்டோம். நூறு குடும்பம் அங்கே கலந்து வாழட்டும், நாம் இங்கே கலக்காமல் இருப்போம் என்பதுதான் நடந்தது.

நம்மவர்கள் ஏராளமாக வாழும் சிங்கப்பூரில் மக்கள்தொகையில் பெரும்பகுதி அரசு கட்டிய அடுக்குமாடிகளில்தான் குடியிருக்கிறது. 1989-ல் அங்கே ஒரு விதி கொண்டுவந்தார்கள்: ஒரு கட்டடத்திலும் ஒரு வட்டாரத்திலும் எந்த இனத்தவரும் குறிப்பிட்ட விகிதத்துக்கு மேல் போகக் கூடாது. சிறுபான்மையினர் வீட்டை விற்கும்போது வாங்க ஆள் கிடைப்பது கடினம் என்ற குறை அதில் உண்டு. ஆனாலும் தமிழர் வாழும் மாடியில் சீனரும் மலாய்க்காரரும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் சிகாகோவில் நேர்மாறாக நடந்தது. அரசு வீடுகளைக் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளிலேயே அடுக்கடுக்காகக் கட்டினார்கள். 1966-ல் அங்கே குடியிருந்தவர்களே வழக்குப் போட்டார்கள். அப்படி இடம் தேர்ந்தது பாகுபாடு என்று 1969-ல் தீர்ப்பு வந்தது. 1976-ல் உச்ச நீதிமன்றம் வரை போய், நகரிலும் புறநகர்களிலும் பரவலாக வாடகை உதவியோடு குடும்பங்களைக் குடிவைக்கும் திட்டம் பிறந்தது. வீடு கொடுப்பதைப் போலவே எங்கே கொடுக்கிறோம் என்பதும் நீதிக்குள் அடங்கும் என்று ஒரு நீதிமன்றம் சொல்லி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது.

நான்கு சுவர் மட்டும் போதாதவர்கள் இருக்கிறார்கள். மனநோய் கண்டவர், தனியாக எழுந்து நடக்க முடியாத முதியவர், யாருமற்ற மாற்றுத்திறனாளி. இவர்களுக்கு வீட்டோடு ஒரு கைத்துணையும் வேண்டும். மாத்திரை நேரத்துக்குத் தர, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக, இரண்டு வார்த்தை பேச. இவர்களை நாம் என்ன செய்தோம்? கோயில் வாசலிலும் தர்காவிலும் பஸ் நிலையத்திலும் விட்டுவிட்டு வந்தோம். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியற்காலையில் ஏர்வாடியில் ஒரு மனநோயாளர் விடுதி தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகி இறந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவை நம்மைப் போன்ற குடும்பங்கள்தான்.

அதற்குப் பிறகு வேறொரு வழியும் இதே தமிழ்நாட்டில் பிறந்தது. 1993-ல் சென்னையில் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் தொடங்கிய பேனியன் அமைப்பு, 2015 முதல் ‘ஹோம் அகெய்ன்’ என்ற பெயரில் சாதாரணத் தெருக்களில் சாதாரண வீடுகளை வாடகைக்கு எடுத்தது. நீண்ட காலம் மனநல மருத்துவமனைகளில் இருந்து, குடும்பம் திரும்ப அழைத்துக்கொள்ளாதவர்களில் நான்கைந்து பேர் ஒரு வீட்டில் சேர்ந்து வாழ்கிறார்கள். உடனிருந்து உதவப் பயிற்சி பெற்ற ஒருவர் இருப்பார். சமையல் அவர்களுடையது, கடைக்குப் போவதும் அவர்களே, பக்கத்து வீட்டு விசேஷத்துக்கும் போய் வருகிறார்கள். பெரிய மதில் தேவைப்படவில்லை. வாடகைக்கு விட ஒரு வீட்டுக்காரரும், வாசலில் நின்று பேச ஒரு பக்கத்து வீட்டுக்காரரும் தேவைப்பட்டார்கள். மேச்சேரியில் அப்படி ஒரு வீடு கேட்டு யாராவது வந்தால் நம்மில் யார் சாவியைக் கொடுப்போம்? பத்ரகாளியம்மன் மாசித் தேரோட்டத்தில் அன்னதானத்துக்கு மூட்டை மூட்டையாக அரிசி கொடுக்கும் கை நமக்கு இருக்கிறது. அந்தக் கையால் ஒரு சாவியைக் கொடுக்கத் தயங்குகிறோம்.

செய்யக் கூடியது எதுவும் எட்டாத உயரத்தில் இல்லை. 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் போக உள்ள பரப்பில் 10 சதவீதத்தைப் பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்கான மனைகளாக ஒதுக்க வேண்டும். மேட்டூர் சாலையிலும் ஓமலூர் சாலையிலும் கொடி நட்டு, கல் ஊன்றி மனை விற்கிறார்கள், நாமும் வாங்கினோம். வாங்கும்போது வரைபடத்தை விரித்துப் பார்த்தோம். அதில் அந்தச் சிறு மனைகள் எங்கே இருக்கின்றன, யார் பெயருக்குப் பதிவாயின என்று கேட்டோமா? மனைப்பிரிவு முழுவதும் பரவி இருக்க வேண்டிய ஏழையின் இடத்தைக் கடைசி மூலையில் ஒதுக்கும்போது, நம் மனைக்குப் பக்கத்தில் இல்லாததே நல்லது என்று பேசாமல் இருந்தோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. வீட்டுத் திட்டங்களில் அவர்களுக்கு 5 சதவீதம் ஒதுக்கச் சொல்கிறது. அதையும் யாரும் கேட்பதில்லை.

ஒரே இடத்தில் முந்நூறு வீடு கட்டுவதைவிட ஒவ்வொரு வார்டிலும் பத்துப் பத்தாகக் கட்டுவது செலவு கூடுதல், நிலம் கிடைக்காது என்பார்கள். கட்டும்போது செலவு கூடும் என்பது உண்மைதான். ஆனால் ஊருக்கு வெளியே கட்டினால் புதிதாகத் தண்ணீர்க் குழாய், சாலை, மின்கம்பம், பள்ளி, பஸ் எல்லாம் கொண்டுபோக வேண்டும். அதைக் கொண்டுபோகாமலே விட்டுவிடுவதால்தான் மலிவாகத் தெரிகிறது. ஊருக்குள் இவை ஏற்கெனவே இருக்கின்றன. பாழடைந்த பழைய அரசுக் கட்டடங்கள், நத்தத்தில் சும்மா கிடக்கும் துண்டு நிலங்கள், வாரிசுத் தகராறில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் என்று தேடினால் இடம் உண்டு. தேட மனம் வேண்டும்.

பேரூராட்சிகளில் இப்போது வார்டுதோறும் பகுதி சபை உண்டு. தெருவிளக்கையும் சாக்கடையையும் பேச அங்கே போகிறோம். அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது இன்னொரு மனுவையும் எழுதி எடுத்துப் போவோம்: எங்கள் வார்டில் அரசு நிலம் எங்கெங்கே இருக்கிறது என்று பட்டியல் தாருங்கள்; மனைப்பிரிவுகளில் ஒதுக்கிய 10 சதவீத மனைகள் யாரிடம் இருக்கின்றன என்று சொல்லுங்கள்; மனையற்றவர்களுக்கான வீடுகளில் எங்கள் பங்கு பத்தை எங்கள் தெருக்களிலேயே கட்டுங்கள்; அதில் இரண்டைத் துணை தேவைப்படுகிறவர்களுக்குத் தரைத்தளத்தில் கொடுங்கள். இங்கே வேண்டாம் என்ற மனுக்களில் கையெழுத்துப் போட்டுப் பழகிய நாம், இங்கே வேண்டும் என்ற மனுவில் கையெழுத்துப் போட வாருங்கள்.